சிபிஎஸ்ஸுக்கு முன், சிபிஎஸ்ஸுக்குப் பின்

உலகத்துக்குக் கி.மு., கி.பி. என்றால், பழைய ஃபெண்டர் கிதார் ஆம்ப்ளிஃபயர் பித்தர்களுக்கு 1965 ஜனவரி. அந்த மாதம்தான் லியோ ஃபெண்டரின் கம்பெனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் வந்ததெல்லாம் அமுதம்; பின் வந்ததெல்லாம் தகரம்.

சிக்கல் என்னவென்றால், கைமாறிய பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் அதே கறுப்பு முகப்புப் பெட்டிகள்தான் வந்தன. 1968 வாக்கில் முகப்பு வெள்ளி நிறமானபோதும், முதலில் வந்த பலவற்றின் உள்ளே பழைய சர்க்யூட்தான். நிறம் மாறியதும் காதுகளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

சிபிஎஸ் பொறியாளர்கள் செய்த உண்மையான பாவம் வேறு: ஒலி கரகரக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். 85 வாட் ட்வின் ரிவர்ப் மாடல், எழுபதுகளின் கடைசியில் 135 வாட் ஆனது. பக்கத்துத் தெரு விழித்தாலும் ஒலி பிசிறவில்லை. பிசிறுக்காகவே காசு கொடுக்கிறவர்கள் மன்னிப்பார்களா?

அதனால் விவரமானவர்கள் வெள்ளி முகப்பை மலிவாக வாங்கி, சில கெப்பாசிட்டர், ரெசிஸ்டர்களை மாற்றிக் கறுப்பு முகப்பின் சர்க்யூட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். முன்தகட்டையும் கறுப்பாக மாற்றினால் இன்னும் இனிமையாகக் கேட்குமாம்.