கரடிக்குத் தொப்பி முக்கியம்

வேடம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டு என்றதும் பலருக்கு வாளும் மந்திரக்கோலும் நெருப்புக் கக்கும் டிராகனும் நினைவுக்கு வரும். கூடவே செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டக்காரர் கையேடு மட்டும் 320 பக்கம். ஜார்ஜ் டவுனில் சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் கூடுகிற கூட்டத்திடம் அதை நீட்டினால், ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்.

கூட்டம் எப்படிப்பட்டது? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, கொட்டாவியோடு வந்த பொறியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்புப் பேனாவைக் கைப்பையிலேயே வைத்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். "நான் சும்மா பாக்கத்தான்லா வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை எழுந்து போகாத மச்சான் ஒருவர். இன்றைக்கு எல்லாரையும் சிரிக்கவைத்தே தீருவது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்தவர் ஒருவர். ஆபத்தானவர் இவர்தான்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வசனத்தை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இதில் பினாங்குக்குப் புதிதாக எதுவும் இல்லை. பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் 1885-இல் இங்கே புஷி இந்திரா பங்சவான் குழு பிறந்தது. பங்சவான் நடிகர்களுக்குக் கதைச் சுருக்கம் மட்டும் சொல்லப்படும். மீதி மேடையில் அவரவர் சாமர்த்தியம். தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்திலும் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். பபூன் வாயைத் திறந்தால் கொட்டகை குலுங்கும்.

ஆனால் பபூனுக்கு அது தொழில். கொட்டாவி விடும் பொறியாளரிடம் போய், "எங்கே, தமாஷாக ஏதாவது சொல்லுங்கள்" என்றால் பாவம், அவர் பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆகவே சாதாரணக் கூட்டத்துக்கு ஆட்டம் தேர்ந்தெடுப்பவர் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: ஆடுகிறவர்கள் நகைச்சுவையாகப் பேசத் தேவையே இருக்கக்கூடாது. அவர்கள் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கப் பார்க்கவேண்டும். சிரிப்புக்கு விதிகள் பொறுப்பு. புத்தகம் முழுக்க ஜோக் எழுதிவைத்திருக்கும் ஆட்டங்களை வாங்கியவர் மட்டும் படித்துச் சிரிக்கலாம்.

இந்தக் கணக்கில் பாரனோயாவை மிஞ்ச ஆளில்லை. 1984-இல் வந்தது. ஆல்ஃபா காம்ப்ளெக்ஸ் என்ற மூடிய நகரத்தைப் புத்தி பேதலித்த ஒரு கணினி ஆள்கிறது. குடிமக்களின் தகுதி நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்புக்காரர் ஆரஞ்சு நடைபாதையில் கால் வைத்தால் துரோகம். சந்தோஷமாக இல்லாவிட்டால் துரோகம். ஆட்டத்தின் விதிகள் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டால் அதுவும் துரோகம். விதிகளைப் படிக்காமல் வருகிற கூட்டத்துக்கு இதைவிட வசதியான விதி எங்கே கிடைக்கும்? துரோகிகளைப் பிடிப்பதுதான் எல்லாருக்கும் வேலை. அதே சமயம் ஒவ்வொருவரும் ரகசிய இயக்கத்தில் உறுப்பினர், பிறவியிலேயே விசித்திர சக்தி உள்ளவர்; இரண்டும் மரண தண்டனைக் குற்றம். செத்தால் கவலையில்லை, ஆளுக்கு ஆறு பிரதிகள். அடுத்தவர் அதே முகத்தோடு வந்து, முந்தையவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

கணினியாக நடிக்க ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் யாராவது கிடைத்தால் விடக்கூடாது. "ஏன் சிரிக்கிறாய்? ஏன் சிரிக்கவில்லை?" என்று ஒரே மூச்சில் கேட்கும் பயிற்சி அவருக்குத்தான் உண்டு. ஒரு எச்சரிக்கை: இது நண்பனைக் காட்டிக்கொடுக்கும் ஆட்டம். கல்யாணப் பேச்சு நடக்கிற இரண்டு வீட்டாரை ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டாம்.

அதே 1984-இல் வந்த டூனில் எல்லாரும் கார்ட்டூன் பாத்திரங்கள். யாரும் சாகமாட்டார்கள், அடிபட்டால் மூன்று நிமிடம் விழுந்து கிடக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு தே தாரிக் வரவழைக்க அந்த நேரம் போதும். 2009-இல் வந்த ஃபியாஸ்கோவும் நல்ல ஆட்டம், ஆனால் கதை நடத்துபவரே இல்லாமல் காட்சிகளை ஆட்டக்காரர்களே கட்டவேண்டும். வெட்கப்படுகிறவர்களுக்கு அது மேடை ஏறுவதுபோல. பழகியபின் பார்க்கலாம்.

முதல் இரவுக்கு என்றால் ஹனி ஹைஸ்ட். கிராண்ட் ஹோவிட் 2017-இல் எழுதியது. மொத்த விதியும் ஒரே பக்கம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கரடிகள். தேன் மாநாடு ஒன்றில் புகுந்து தேனைக் கொள்ளையடிக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டே குணம்: கரடி, குற்றவாளி. இரண்டிலும் மூன்று மூன்று புள்ளி. திட்டம் சொதப்பினால் ஒரு புள்ளி கரடிப் பக்கம் போகும், ஒழுங்காக நடந்தால் குற்றவாளிப் பக்கம். கரடி ஆறைத் தொட்டால் திட்டமாவது மண்ணாவது, வெறும் மிருகம். குற்றவாளி ஆறைத் தொட்டால் கூட்டாளிகளையே ஏமாற்றிவிட்டு ஓடும். வேண்டுமானால் தொப்பிக்கும் பகடை உருட்டலாம். எட்டு விழுந்தால் இரண்டு தொப்பி.

தொப்பியில்தான் நுட்பம் இருக்கிறது. கிரீடம் வைத்த பனிக்கரடி காவலாளியிடம் போய், தான் மாநாட்டுப் பேச்சாளர் என்று மரியாதையாக வாதாடும்போது, ஆசிரியை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. காரியம் ஆகவேண்டுமே என்ற கவலை மட்டும்தான் அவருக்கு. சிரிக்கவைக்க வந்தவரோ தயார்செய்த ஜோக்கை எங்கே செருகுவதென்று தெரியாமல் முழிப்பார்.

பினாங்குக்கு ஏற்ப மாற்றுவதும் சுலபம். தேனை விட்டுத்தள்ளி, பாலிக் பூலாவ் டுரியான் தோட்டம் என்று வைக்கலாம். அங்கே பழம் தானாக விழுவதைப் பிடிக்க மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள். கரடிக்கும் சேர்த்துப் பொறி தயார். மலேசியக் காடுகளின் சூரியக் கரடியைச் சேர்த்தால் உள்ளூர் ஆளும் வந்தாயிற்று. உலகக் கரடிகளில் அதுதான் சின்னது, நாக்கு மட்டும் நீளம். தாவரவியல் பூங்காக் குரங்குகளையும் இழுக்கலாமே என்று மச்சான் கேட்பார். கூடாது. அவற்றுக்குத் திட்டமே தேவையில்லை. கையிலிருக்கும் பையை நேராகப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.