பெடலை முதல்ல மிதிங்க

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். பிரேக் பேடு, டிஸ்க் இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாமா? (பீளமேடு வாசகர்)

பதில்: மோட்டாரைக் கழற்றிப் பார்க்காத வீடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களேங்க! தாராளமாக மாற்றலாம். ஆனால் வண்டிக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு போடாமல் வீலில் கை வைக்காதீர்கள். தூக்குவதற்குத்தான் ஜாக்கி, தாங்குவது அதன் வேலை இல்லை. நம்ம ஊர் போர்டிகோவெல்லாம் மழைத்தண்ணி ஓட வாட்டம் விட்டுக் கட்டியது. கழற்றாத வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கடைசியில் நட்டை டார்க் ரெஞ்சில், வண்டிப் புத்தகத்தில் போட்ட அளவுக்கு முறுக்குங்கள். "கை கணக்கு" என்று சொல்லும் மச்சானை அன்று மட்டும் டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: புதுப் பேடு உள்ளே போக மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டட்டுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: சுத்தியலைக் கீழே வையுங்க சாமி. பழைய பேடு தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புதுப் பேடின் தடிமனுக்கு அது பின்வாங்க வேண்டும். சி-கிளாம்ப் போட்டு மெதுவாக அமுக்குங்கள். அதற்கு முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள்: அமுக்குகிற ஆயில் அங்கேதான் ஏறும், நிறைந்து வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். ஹேண்ட்பிரேக் சேர்ந்த பின்பக்கக் காலிப்பர்களில் பல, அமுக்கினால் போகாது. திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால் ஸ்கேனர் இல்லாமல் தொடாதீர்கள். கழற்றிய காலிப்பரை ஓஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் கட்டி வையுங்கள்.

கேள்வி: புது டிஸ்க் எதற்கு? தெருவுக்கு ரெண்டு லேத் இருக்கே, பழசையே கடைசல் பிடித்தால் ஆகாதா? (கணபதி வாசகர்)

பதில்: கணபதியில் இருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். டிஸ்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, கடைசல் போக அதற்கு மேல் நிற்குமென்றால் பிடிக்கலாம். இல்லாவிட்டால் காசைப் பார்க்காதீர்கள். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. புதுசு போட்டால் அதன் மேலிருக்கும் துரு எதிர்ப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஹப்பில் ஒட்டிய துருவையும் சுரண்டுங்கள். ஒரு பொருக்கு மிச்சமிருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, கொஞ்ச நாளில் பெடல் காலில் துடிக்கும்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது கருகிய வாசம் வந்தது. பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிட்டது. பேடு மட்டமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: பேடைத் திட்டாதீர்கள், கியரைத் தொடாத காலையும் கையையும் திட்டுங்கள். பிரேக் செய்வது ஒன்றே ஒன்று: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். 1,200 கிலோ வண்டியை முழுக்கப் பிரேக்கிலேயே இறக்கினால் பிறக்கும் சூட்டில் 50 லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு கல்யாண அண்டா! அத்தனையையும் நாலு டிஸ்க் காற்றில் விட வேண்டும். மிச்சச் சூடு ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த உத்தரவாதம் 155-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஆயிலை இரண்டு வருசத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி: ரேஸ் பேடு போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே? (சூலூர் வாசகர்)

பதில்: செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுகிறவருக்குப் பிடிக்கும். ரேஸ் பேடு சூடேறினால்தான் கடிக்கும். காந்திபுரம் சிக்னலில் அது தூங்கிக்கொண்டிருக்கும். (அந்தக் கரி, 1995-ல் விமான விபத்தில் மறைந்த, நம்ம ஊருக்கு ரேஸ் கார் கட்டித்தந்த கரிவரதன். டிஸ்கில் கருகும் கரி வேறு.)

கேள்வி: நரேன் கார்த்திகேயன் ஊர்க்காரன் நான். எனக்கெல்லாம் பிரேக் எதற்கு? (ஆர்.எஸ்.புரம் வாசகர்)

பதில்: 2005-ல் அவர் ஓட்டிய ஃபார்முலா ஒன் காரிலும் ஒரு பெடல் அதற்குத்தானுங்க.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போகட்டுமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: நில்லுங்க! தள்ளிய பிஸ்டன் இன்னும் பின்னாலேயே இருக்கிறது. வண்டி நிற்கும்போதே, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். அப்புறம் ஆளில்லாத ரோட்டில் மிதமான வேகத்திலிருந்து இதமாகப் பத்துப் பதினைந்து தடவை வேகம் குறைத்து, நடுநடுவே ஆறவிட்டுப் பேடைப் பழக்குங்கள். முதல்தடவை மாற்றிய அன்று நான் மிதிக்க மறந்தேன். வாட்டத்தில் வண்டி தானாக இறங்க, பெடல் தரைவரை போனது. எதிர்வீட்டு அத்தை அடுக்கி வைத்திருந்த தேங்காய்க் குவியல்தான் நிறுத்தியது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னிங்க. காசு கொடுத்து வாங்கிய தேங்காய்.