புடலம் பந்தலின் உயரம்: எழுவான்கரை வளவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வாவியை ஆராய்ந்தவர்கள் அதன் நீளத்தை அளந்தார்கள். 56 கிலோமீற்றர் என்றார்கள். ஆழத்தைப் பற்றியும் பாடும் மீனைப் பற்றியும் தாராளமாகவே எழுதினார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணற்பட்டையாகக் கிடக்கும் எழுவான்கரையில், தரைக்கும் புடலம் பந்தலுக்கும் இடைப்பட்ட வெளி மட்டும் ஆய்வாளர் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. பந்தலுக்கு மேலேயுள்ள வெளி வளிமண்டலவியல் திணைக்களத்துக்குரியது. அதில் நாம் தலையிடவில்லை.

பந்தல் ஏன் தோன்றிற்று என்பது முதற் கேள்வி. புடல் கொடி, ஆகவே பந்தல் என்பது தாவரவியலார் தரும் சோம்பேறி விடை. எமது விடை சீதனத்தில் இருக்கிறது. இப்பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணமானால் வீடும் வளவும் அவள் பேருக்குப் போகும், மருமகன் அங்கே வந்து குடியிருப்பார். பெற்றோர் அடுத்த மகளையும் கூட்டிக்கொண்டு அதே வளவின் மறுகோடியில் இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவதுண்டு. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வழங்கும் இந்த முறையை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய அக்கறை வீடு யாருக்கு என்பது. எமது அக்கறை, வீடு கொடுத்த பிறகு கத்தரிக்கும் வெண்டிக்கும் என்ன மிஞ்சும் என்பது. மூன்று பெண்பிள்ளை பெற்ற வளவு மூன்றாகப் பிரியும். பேத்திகள் காலத்தில் முருங்கை மரத்தின் நிழல் விழும் இடத்துக்கே தகராறு வரும். படுத்துக் கிடக்க இடமில்லாத தோட்டம் எழுந்து நிற்கிறது. அதற்குப் பெயர் பந்தல். வீட்டுக்கு வீடு சுவர் முட்டும் காத்தான்குடியில் அது ஒரு படி மேலேறி மொட்டைமாடிக்கே போய்விட்டது.

இனி உயரம். பந்தல் 2 மீற்றர் இருக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு வேளாண் துறையினரின் பரிந்துரை. அங்கே வெளியிடப்பட்ட கோ 1 என்ற புடல் இரகத்தின் காய் 160 முதல் 180 சென்ரிமீற்றர் வரை நீளும். 200 இலிருந்து 180 ஐக் கழித்தால் 20. அதாவது, முற்றாக வளர்ந்த காயின் கீழே ஒரு கோழிக்குஞ்சு வசதியாகப் போகலாம்; தாய்க்கோழியென்றால் தலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மருமகன் போக முடியாது.

இந்த இடத்தில்தான் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. மாமியார் தரப்பின்படி, பந்தலின் உயரம் என்பது மாமி கையை உயர்த்திப் பிஞ்சைத் தொடும் உயரம். தொட முடியாத காயை யார் பறிப்பது? மருமகன் தரப்பின்படி, அது சைக்கிளை உருட்டிக்கொண்டு நிமிர்ந்து போகும் உயரம். வளவு மாமியின் தாயிடமிருந்து வந்ததென்பதால் முதல் தரப்புக்கே சட்டவலு அதிகம். மருமகனுக்குரிய மரியாதையில் குறைவில்லை. "மருமகன், பார்த்துக் குனிஞ்சு வாங்க, இடிச்சிராதீங்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். கவலை தலையைப் பற்றியதா காயைப் பற்றியதா என்பதை உறுதிசெய்ய எமக்குத் துணிவு வரவில்லை. பந்தலை உயர்த்தச் சொன்னால், "மறுகா உசத்துவம்" என்று பதில் வரும். மறுகா என்பது இப்பகுதியின் கால அளவைகளுள் மிக நெடியது.

காய் நேராக நீள அதன் நுனியில் பாரம் கட்டுவது ஊரறிந்த வழக்கம். கட்டாவிட்டால் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் வளர்ந்து சுருண்டுவிடும். சுருண்ட காயை நறுக்குவதும் கஷ்டம், விற்பதும் கஷ்டம். பாடநூல்கள் கல் கட்டு என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றன. கடற்கரை மணலில் கல்லுக்கு எங்கே போவது? உடைந்த ஓட்டுத்துண்டு, தீர்ந்துபோன டோர்ச் பற்றரி, எல்லாவற்றுக்கும் மேலாக வீச்சுவலையின் ஈயக்குண்டு. வலையில் குண்டு குறைந்தால் வலை சரியாகத் தாழாது, மீன் அடியால் தப்பும். வாவியில் மீன்பாடு குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களோடு புடலங்காயையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எமது பணிவான கருத்து.

கோட்பாட்டளவில் தடையற்ற உயரம் கிடைத்தால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிடுவோம். முகத்துவாரத்துக்கு அருகே 1913 இல் கட்டிய வெளிச்சவீடு 28 மீற்றர். அதன் உச்சியிலிருந்து 180 சென்ரிமீற்றர்க் காய்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் 15 காய் தொங்கும், மிச்ச இடத்தில் ஒரு மருமகன் குனிந்தபடி நிற்கலாம். சீதனமாக வெளிச்சவீடு கொடுக்கும் வழக்கம் இல்லாததால் இவ்வாய்வை இத்துடன் நிறுத்துகிறோம்.

மேலே போக முடியாவிட்டால் கீழே தோண்டலாமே என்பார் உண்டு. பந்தலடியில் முழம் ஆழத்துக்கு மணலை அள்ளினால் முழம் உயரம் லாபம்தான், ஐப்பசி வரைக்கும். மாரி தொடங்கி முகத்துவாரமும் அடைபட்டுக் கிடந்தால் வாவி ஏறும், கிணறு ஏறும், சம்பாதித்த முழத்தில் தவளை குடியேறும். இன்னொரு சாரார் உயிர்க் கதியால்களை நம்புகிறார்கள். பூவரசிலோ கிளிசரியாவிலோ கால் நட்டால் அது துளிர்க்கும், வளரும், பந்தலையும் தூக்கிக்கொண்டு போகும் என்பது அவர்கள் கணக்கு. மரம் நுனியில்தான் நீள்கிறது. அடிமரம் பருக்குமே தவிர உயராது. இன்று கட்டிய கம்பி பத்து வருடம் கழித்தும் அதே உயரத்தில் இருக்கும், பட்டைக்குள் புதைந்தபடி.

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் எம்மவர்க்கும் இந்தச் சிக்கல் தலைகீழாக உண்டு. பனிக்காலத்தில் கறிவேப்பிலையையும் மிளகாயையும் காப்பாற்ற, உள்ளே பளபளக்கும் தாள் ஒட்டிய சிறு கூடாரத்தை நிலவறையில் நிறுத்தி எல்.ஈ.டி. விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். சட்டி, செடி, செடிக்கும் விளக்குக்கும் விடவேண்டிய இடைவெளி, விளக்கு ஆகிய எல்லாம் கூரைக்குள் அடங்கவேண்டும். செடி மிஞ்சினால் நுனி கருகும். அங்கே செடி மேலேறி விளக்கில் முட்டுகிறது, இங்கே காய் கீழிறங்கி மருமகனில் முட்டுகிறது. மருந்து இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே. அவர்கள் நுனியைக் கிள்ளித் தண்டை வளைத்துப் பக்கவாட்டில் கட்டுகிறார்கள். நாம் கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக ஏற்றி, தொட்டதும் நுனியைக் கிள்ளிப் பரவவிடுகிறோம். நமக்கு மேலதிகமாக ஒரு வேலை: நடைபாதைக்கு மேலே வரும் கொடியை ஓரத்துக்கு ஒதுக்குதல். புடலம்பூ இரவில் விரிந்து அந்துப்பூச்சியை அழைப்பது. பிஞ்சு எங்கே இறங்குமென்பது விடிந்த பிறகுதான் தெரியவருகிறது.

விஞ்ஞானிகள் இதற்குள் மாமி, மருமகன் முரணைத் தீர்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கோ 2, இங்கே எம்.ஐ. ஷோர்ட்: இரண்டும் குட்டைக் காய். கோ 2 ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். பாரம் வேண்டாம், பையில் அடங்கும், பஸ்ஸில் பக்கத்துச் சீற்றுக்காரரின் மடியில் கிடக்காது. மருமகன் தரப்பு இதை வரவேற்கிறது. மாமியார் தரப்பின் மறுப்பு சுருக்கமானது: வேலிக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத காய் என்ன காய்? எமக்கும் இதில் மாமியார் பக்கமே சாய்வு. நீளக் காய் நாலு வீட்டுக்குத் துண்டு போட்டுக் கொடுக்கக் கூடியது. குட்டைக் காயைத் துண்டு போட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

எனவே பந்தல் போடுவோர் கவனத்துக்கு: கதியாலை மாரி மழையோடு நடுங்கள், அப்போதுதான் வேர் பிடிக்கும். மணலில் இரண்டு முழமாவது இறக்குங்கள். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஆழமில்லாத பந்தல் காயோடு சரியும். உயரத்தை மாமியிடமே கேளுங்கள். கேட்கும்போது அவர் செருப்புப் போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதில் இரண்டு விரற்கடை கிடைக்கும்.