பறக்கும் முன் ஒரு கையெழுத்து

கே: பயிற்சி கொடுத்துவிட்டு, “பாதியில் போனால் பணத்தைக் கட்டிவிட்டுப் போ” என்று விமானியிடம் பாண்டு எழுதி வாங்குவது நியாயமா?
– ஒரு வாசகர், திருச்சி

ப: செலவழித்ததைக் கேட்டால் நியாயம். செலவழிக்காததையும் சேர்த்துக் கேட்டால் கந்துவட்டி.

கே: லைசென்ஸ் வாங்கித்தானே வேலைக்கு வருகிறார்கள்? மறுபடி என்ன பயிற்சி?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

ப: சி.பி.எல். எனும் வணிக விமானி லைசென்ஸ் 200 மணி நேரம், பெரும்பாலும் குட்டி விமானங்களில் பறந்து வாங்குவது. ஏர்பஸ் ஏ320-இல் உட்கார அதற்கென்று டைப் ரேட்டிங் வேண்டும்: வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு. போயிங் 737-க்குத் தாவினால் அதற்குத் தனி டைப் ரேட்டிங். இந்த பில் வரும் இடத்தில்தான் பாண்டு பிறக்கிறது.

கே: டைப் ரேட்டிங் பணத்தை வீட்டை அடமானம் வைத்து நாங்களே கட்டினோம். அதன் பிறகும் மகனிடம் பாண்டு கேட்கிறார்களே?
– ஒரு தகப்பனார், மதுரை

ப: கல்யாணச் சாப்பாடும் நம் செலவு, மொய்யும் நாமே எழுதுவதா? எந்தச் செலவுக்கு என்று கணக்குக் கேளுங்கள். “லைன் டிரெயினிங்” என்பார்கள். அதாவது பயிற்சிக் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிஜ விமானத்தை ஓட்டுவது. பின்னால் பயணிகள் டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

கே: கோர்ட்டில் பாண்டு நிற்குமா?
– சட்ட மாணவி, கோவை

ப: நிற்கும், ஆனால் கைத்தாங்கலாக. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அது வங்கி அதிகாரி வழக்கு; விமானிக்கான தொகையோ பல மடங்கு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவோ, எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. கோடி என்று எழுதியதால் கோடி வந்துவிடாது.

கே: பாண்டைக் காட்டி விமானியை வலுக்கட்டாயமாக ஓட்டவைக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற தாசில்தார், சேலம்

ப: முடியாது. முடிந்தாலும் நீங்கள் அந்த விமானத்தில் ஏறுவீர்களா?

கே: பாண்டு இல்லாவிட்டால் ஒரே நாளில் எல்லோரும் ஓடிவிட மாட்டார்களா?
– வணிகர், விருதுநகர்

ப: அதற்குத்தான் நோட்டீஸ் காலம். 2017-இல் விமானத் துறையைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. கேப்டனுக்கு ஓராண்டு, கோ-பைலட்டுக்கு ஆறு மாதம் என்று வைத்தது. அதையும் முடிக்காமல் 43 விமானிகள் போய்விட்டதாக 2023-இல் ஆகாசா ஏர் கோர்ட்டுக்கு ஓடியது. விமானங்கள் ரத்தாயின. சொல்லாமல் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். நடுவில் தவித்தது டிக்கெட் வாங்கிய ஏமாளிதான். ஆனாலும் ஓராண்டு நோட்டீஸும் வேண்டும், பல லட்சம் பாண்டும் வேண்டும் என்றால், அது கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்கும் ஆணி அடிப்பது.

கே: பாதியில் போவது கம்பெனியாக இருந்தால்?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

ப: சபாஷ்! 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ். சம்பள பாக்கியோடு நின்றார்கள் விமானிகள். “நாங்கள் மூடினால் உங்களுக்கு இவ்வளவு” என்ற பத்தியை பாண்டில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

கே: இதில் பயணிக்கு என்ன கவலை?
– ஒரு வாசகர், புதுச்சேரி

ப: களைப்பாக இருந்தால் பறக்காதே என்கிறது விதி. மாதத் தவணையும் பாண்டும் கழுத்தில் தொங்குகிறவருக்கு அதைச் சொல்ல வாய் வருமா? கவலை உங்களுடையதுதான்.

கே: வெளிநாட்டில் எப்படி?
– ஒரு வாசகி, சென்னை

ப: ஐரோப்பாவில் தன் காசைக் கொடுத்து கோ-பைலட் சீட்டில் உட்கார்ந்து பயணிகளை ஏற்றிச்சென்ற கூத்தெல்லாம் உண்டு, பெயர் ‘பே டு ஃப்ளை’. கலிஃபோர்னியாவிலோ, “இரு, இல்லையேல் கட்டு” ரக ஒப்பந்தங்களுக்கு 2026 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் போக, தடை. எல்லாத் தொழிலுக்கும்.

கே: தம்பி அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறான். எதைப் பார்க்கச் சொல்லட்டும்?
– ஒரு அக்கா, ஈரோடு

ப: வேலை பார்த்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைகிறதா என்று முதலில் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் போனாலும், கடைசி மாதம் போனாலும் ஒரே தொகை என்றால் அது பயிற்சிச் செலவு அல்ல, அபராதம். மெடிக்கலில் தகுதி போனாலோ, அவர்களே வெளியே அனுப்பினாலோ பாண்டு ரத்து என்று எழுத்தில் வாங்கட்டும். பிளாங்க் செக் கேட்டால் பேனாவை மூடிவிட்டு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.