ஏ.சி.க்குள் ஒரு குடித்தனம்

கேள்வி: ஏ.சி.யைப் போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது. ரூம் ஸ்பிரே அடித்தால் போதாதா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: போதாதம்மா, பூஞ்சைக்கு சென்ட் பூசி உட்காரவைத்த கதைதான்! காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகிறது, கூடவே தூசி. குடிக்கவும் தின்னவும் கிடைத்தபின் பூஞ்சை எதற்கு காலி செய்யும்? காற்று வரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சுழலும் ப்ளோயரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதையும், காயிலையும், தண்ணீர் வடியும் தட்டையும் கழுவச் சொல்லுங்கள். வெறும் ஃபில்டரைத் தட்டிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை நீங்களே கழுவி உலர்த்தி மாட்டலாம். நிறுத்துமுன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டினால் உள் ஈரம் காயும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். கழுவும்போது அவர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.