உப்புக்காற்றின் மேல் பழி

கேள்வி: வ.உ.சி. துறைமுகம் பக்கம் எங்கள் ஷிப்பிங் ஆபீஸ். மானிட்டர் இரண்டு விநாடி எரிந்து அணைந்துவிடுகிறது. உப்புக்காற்றின் வேலையா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் ஊரில் சைக்கிள் செயின் முதல் சம்பந்தம் முறிந்தது வரை உப்புக்காற்றின் கணக்கில்தான் எழுதுவார்கள்! துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்த 2011-க்கு முன்பு வாங்கிய மானிட்டரா? அப்படியானால் பவர் போர்டைப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டிய கெப்பாசிட்டர் தலை பூரி மாதிரி உப்பியிருந்தால் ஆள் அதுதான். 2000-களின் தொடக்கத்தில் தைவான் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் உள்ளிருக்கும் திரவமே கோளாறு. உலகம் முழுக்க மதர்போர்டுகள் படுத்தன. நல்ல சரக்கானாலும் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. தூத்துக்குடி வெயிலில் ஏ.சி. இல்லாத ஆபீஸ் வேறு!

அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூட, 105 டிகிரி ரகம் வாங்கி மாற்றுங்கள். செலவு இரண்டு டீ, ஒரு மக்ரூன். பக்கவாட்டுக் கோடு மைனஸ். திசை மாற்றி வைத்தால் தீபாவளி. ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட் தேங்கி நிற்கலாம். அது வடிந்ததா என்று மீட்டர் சொல்லட்டும், உங்கள் விரல் சொல்ல வேண்டாம்.