சாரதிபீட லட்சணம்

இதிகாசம் பாடியோர் தேரையும் குதிரையையும் கொடியையும் பருவம் பருவமாக வர்ணித்திருந்தும், சாரதி எதன்மேல் அமர்ந்தான், அமர்ந்த பீடம் அவன் சரீரத்துக்குப் பொருந்திற்றா என்ற ஆதார வினாவை எழுப்பாமலே விட்டது நம் கல்விப் பரம்பரையின் பெருங்குறையாகும். எட்டியாந்தோட்டையிலோ பலாங்கொடையிலோ, லயத்துக்குப் பின்புறத் தகரக் கொட்டகையில் பழைய மொரிஸ் மைனர் ஒன்றை அறுத்து, ஏப்ரல் மாதத்து மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைக் கனவு கண்டபடி கார் கட்டும் வாலிபர்களின் உபகாரார்த்தம், அக்குறையை இயன்றமட்டும் நிவர்த்தி செய்யத் துணிகிறோம். 1934இல் நுவரெலியாவில் தொடங்கிய அப்பந்தயம் தேயிலைக்கு நடுவே ஏறும் சாலையில் நடப்பதாகலின், இவ்விஷயத்தில் தோட்டத்தாருக்கும் அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் உண்டு. ஆதியில் அது துரைமார் கையிலேயே இருந்தது என்பது வேறு கதை.

எஞ்சின், கியர்ப்பெட்டி, பிரேக் ஆகியவற்றை முதலில் பூட்டிவிட்டு, மிஞ்சிய பொந்தில் ஏதோ ஓர் ஆசனத்தைத் திணித்தால் போதும் என்பர் பூர்வபட்சத்தார். இவர்கள் கொட்டகையில் எஞ்சின் முதன்முதல் உறுமும் நாளில் தேங்காய் உடைபடும், கற்பூரம் எரியும். மறுநாள் தலைக்கவசத்துடன் உள்ளே இறங்கிய சாரதியின் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட, தலை கூரைக் குழாயில் இடிக்க, சேஸிஸை மறுபடியும் அறுக்க நேரும். கொண்டை ஊசி வளைவொன்றில் கார் உட்புறம் திரும்புகையில் சாரதியின் உடல் வெளிப்புறம் சாயும் என்பதும், அவ்வுடலைப் பீடம் ஏந்தாவிடில் அவன் ஸ்டியரிங்கையே ஆதாரமாகப் பற்றுவான் என்பதும் இவர்கள் அறியாதவை. ஸ்டியரிங் திருப்புவதற்கு உண்டானதேயன்றிப் பிடித்துத் தொங்குவதற்கு உண்டானதன்று.

இவ்விடத்தில் மானசாஸ்திரம் துணைபுரிகிறது. நம் சிற்பிகள் முகத்தை அலகாகக்கொண்டு விக்கிரகத்தை நவதாலம், தசதாலம் என்று அளந்தார்கள். அமெரிக்காவில் தோன்றிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்னும் மாணவர் கார்ப் போட்டிக்கு விதி வகுத்தோரோ, மனிதனை மூன்று வட்டங்களாகச் சுருக்கி, அவனுக்குப் பெர்சி என்று நாமகரணமும் செய்துவிட்டார்கள். ஆசனப் பிரதேசத்துக்கு 200 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒரு வட்டம், தோளுக்கு அதே அளவில் மற்றொன்று, கவசமணிந்த தலைக்கு 300இல் ஒன்று; கீழிரண்டின் மையங்களுக்கு இடையே 490, தோளுக்கும் தலைக்கும் இடையே 280. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆடவர் இவனுக்குள் அடங்குவர் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆனால் பெர்சிக்குத் தொந்தி கிடையாது. ஆகையால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிவரும் பந்தயத்துக்கு அளவெடுப்போர், பலகாரங்களை உத்தேசித்து ஓர் அங்குலம் கூட்டிக்கொள்வது விவேகம். தோள் பீடத்தில் பதிந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும் என்பதும், கிளட்சை அடிவரை மிதித்த பின்னும் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும் என்பதும் யாவருக்கும் பொது.

இனிப் பீடத்தின் திரவியம். 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர் நாற்றுகளின் சந்ததியே கேகாலைச் சரிவுகளில் இன்று பால் சொரிகிறது. 1929இல் டன்லப் கம்பெனியார் அவ்வகைப் பாலை நுரைக்கக் கடைந்து மெத்தையாக்கக் கற்றார்கள். எனினும் சொந்த மண்ணின் சரக்கு என்ற அபிமானத்தால் அம்மெத்தையைப் பந்தயக் காரில் இடுவது தகாது: மெத்தை அமிழ்ந்தால் உடல் தாழும், உடல் தாழ்ந்தால் அதைப் பிணைக்கும் ஆசன வார் தளரும், தளர்ந்த வார் மோதலில் காவாது. ஆதலின் நுரைத்து இறுகும் இரசாயனத் திரவங்கள் இரண்டைக் கலந்து, தடித்த பொலித்தீன் பையில் ஊற்றி, அதன்மேல் சாரதியை முழு உடுப்புடன் அமர்த்தும் முறையே உத்தமம். கலவை தானே சூடேறிப் பொங்கி, முதுகுப் பள்ளத்தையும் விலாவையும் தேடிப் புகுந்து, இரத்தினபுரிக் கல்லை மோதிரம் ஏந்துவதுபோல் உடலை ஏந்தி இறுகும். அதுவரை அவன் கை ஸ்டியரிங்கிலும் கால் பெடலிலுமாக, தும்மலையும் அடக்கி, அசையாதிருத்தல் வேண்டும். அச்சமயம் பார்த்து அம்மாயி பிளேன்டீயை நீட்டினால், வாங்கத் திரும்பிய முதுகின் கோணல் பீடத்தில் சாசனமாகிவிடுமாதலால், கொட்டகை வாசலில் ஒருவனைக் காவல் வைப்பது நலம். பிதுங்கியதை ஹெக்சோ பிளேட்டால் அறுத்து, மேலே பசை நாடா சுற்றிவிடலாம்.

பீடத்தைப் பொருத்துவதற்கு நான்கு இடங்களில் 8 மில்லிமீற்றருக்குக் குறையாத போல்ட்டுகள் வேண்டும். காரின் தளம் மெல்லிய தகடாதலால், அடிப்புறம் தடித்த இரும்புத் தகடு வைத்து இறுக்காதவனின் போல்ட், மோதலின்போது தளத்தைக் கிழித்துக்கொண்டு பீடத்தோடு புறப்பட்டுவிடும். இடுப்பு வார் இடுப்பெலும்பில் அமர வேண்டும், வயிற்றில் அன்று.

ஆகவே, தெஹியோவிற்றைத் தம்பிமாரே, வெல்டிங் மெஷினை இரவல் வாங்கும் முன்பு, வெறும் சேஸிஸில் பலகை போட்டு, சப்பாத்தும் தலைக்கவசமும் அணிந்து ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டுவதானால் பெரிய உடம்புக்கே பீடம் அமையுங்கள். சின்ன உடம்புக்கு உள்ளே இன்னொரு நுரை அச்சு வைத்துக்கொள்ளலாம்.